புற்றணுவை மின்முனையால் கண்டுபிடிக்க முடியுமா? மின்வேதி உயிர் உணரிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஓர் ஆய்வகத்தில் மின்வேதி உணரிகளோடு வேலை செய்கிறேன். சமூக மன்றத்தில் உடல்நலம் பற்றித் தமிழில் பேசப் போனாலும், உறவினர் வீட்டு விருந்துக்குப் போனாலும் ஒரே கேள்வி எழுகிறது: “சர்க்கரை பார்ப்பதுபோல் ஒரு சொட்டு இரத்தத்தில் புற்றுநோயையும் பார்த்துவிடலாமாமே?” ஒரு வரியில் பதில் சொன்னால் அது பாதி உண்மையாகத்தான் இருக்கும். மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தப் பக்கம்.

இது மருத்துவ ஆலோசனை அன்று. உடலில் புதிதாகக் கட்டி தென்பட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, காரணமின்றி எடை குறைந்துகொண்டே வந்தாலோ இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். மருத்துவரிடம் போங்கள்.

மின்வேதி உயிர் உணரி என்பது என்ன?

தேடும் பொருளை அடையாளம் காண ஓர் உயிரியல் பொருள். அந்த அடையாளத்தை மின்னோட்டமாகவோ மின்னழுத்தமாகவோ மின்மறுப்பாகவோ (மாறுமின்னோட்டத்துக்கு எழும் தடை) மாற்றிக் காட்ட ஒரு மின்முனை. இரண்டும் ஒட்டி ஒன்றாக இயங்கினால் அது மின்வேதி உயிர் உணரி.

நம் வீடுகளுக்கு இது புதிதல்ல. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் ஒவ்வொன்றும் ஓர் உயிர் உணரிதான். அதில் பூசியுள்ள நொதி, குளுக்கோஸிடமிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கிறது. இடையிலுள்ள ஒரு வேதிப்பொருள் அவற்றை மின்முனையிடம் சேர்க்கிறது. எவ்வளவு மின்னோட்டமோ அவ்வளவு சர்க்கரை. நொதியை மின்முனையோடு சேர்க்கும் யோசனையை 1962இல் அமெரிக்காவின் லீலண்ட் கிளார்க்கும் சேம்ப் லயன்ஸும் வெளியிட்டார்கள். பேனா அளவில், வீட்டிலேயே பயன்படுத்தக்கூடிய மின்வேதிக் கருவி கடைக்கு வந்தது 1987இல். நடுவில் 25 ஆண்டுகள். சர்க்கரைக்கே அவ்வளவு காலம் பிடித்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சர்க்கரைக்கு முடிந்தது புற்றணுவுக்கு ஏன் முடியவில்லை?

இரண்டு காரணங்கள். முதலாவது எண்ணிக்கை. சாப்பிடுமுன் சர்க்கரை அளவு லிட்டருக்கு 5 மில்லிமோல் உள்ளவரின் இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டர் எடுத்தால், அதில் ஏறத்தாழ 30 கோடி கோடி குளுக்கோஸ் மூலக்கூறுகள் இருக்கும். புற்றுநோய் உடலில் பரவிவிட்ட நோயாளியிடம்கூட, ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் புற்றணுக்கள், அதாவது புற்றுநோய் உயிரணுக்கள், விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கும். பலரிடம் ஒன்றுகூட அகப்படாது. ஒரு மில்லிலிட்டர் என்பது ஆயிரம் மைக்ரோலிட்டர்.

இரண்டாவது காரணம் வேதியியல். குளுக்கோஸ் நொதியோடு வினைபுரிந்து எலக்ட்ரானைக் கொடுக்கிறது. புற்றணு அப்படி எதையும் கொடுப்பதில்லை. அது வந்து ஒட்டியதை நாம்தான் வேறு வழியில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

உயிரணுவின் மேற்பரப்பில் புரதங்கள் முளைத்து நிற்கின்றன. மார்பகம், பெருங்குடல், நுரையீரல் போன்ற உறுப்புகளின் புறப்படலத்தில் தோன்றும் புற்றணுக்களில் எப்கேம் என்ற புரதம் பெரும்பாலும் காணப்படும். இரத்த அணுக்களில் அது இராது. மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காட்டினரின் புற்றணுக்களில் ஹெர்2 புரதம் மிகுதியாக இருக்கும். அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை மின்முனையில் முதலில் பதித்துவிடுகிறார்கள். எதிர்ப்பொருளுக்குப் பதிலாக ஆப்டமர் என்னும் சிறு டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ இழைகளையும் பயன்படுத்தலாம். குறிப்பிட்ட பொருளை மட்டும் பற்றும் இழையைக் கோடிக்கணக்கானவற்றிலிருந்து சலித்தெடுக்கும் முறை 1990இல் வெளியானது. ஆப்டமர் எதிர்ப்பொருளைவிட வெப்பத்தைத் தாங்கும். வேதியியல் முறையிலேயே தயாரிக்கலாம். அதனால் எங்கள் துறையில் அதற்கு வரவேற்பு மிகுதி.

அணு ஒட்டிய பிறகு அதை அறிய முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, மின்மறுப்பு. மின்முனையில் எளிதாக எலக்ட்ரானை மாற்றிக்கொள்ளும் இரும்புச் சேர்மம் ஒன்றைக் கரைசலில் விட்டிருப்பார்கள். அணு வந்து மின்முனையை மூடியதும், கழுவுதொட்டிச் சல்லடையில் தேயிலைத்தூள் படிந்தால் நீர் இறங்கத் தயங்குவதுபோல், அந்தச் சேர்மம் மின்முனையை எட்டத் தடுமாறும். மின்தடை கூடும். அந்தக் கூடுதலே அளவீடு.

மற்றொன்று, இரண்டாவது எதிர்ப்பொருளை மேலிருந்து ஒட்டவிடுவது. அதில் ஒரு நொதியோ தங்கத் துகளோ கட்டப்பட்டிருக்கும். நொதி நிற்காமல் வேலை செய்து, பிடிபட்ட ஒரே ஓர் அணுவுக்கு எண்ணற்ற எலக்ட்ரான்களை உண்டாக்கும். சமிக்ஞை சிறியதாக இருந்தாலும் பெருக்கிக் காட்டலாம் என்பதே இதன் பலம். நொதி கட்டிய எதிர்ப்பொருள் வேறிடத்தில் தவறிப் போய் ஒட்டினால், அந்தத் தவறும் அதே அளவுக்குப் பெருகும் என்பது பலவீனம்.

ஆய்வகத்தில் இது நேரில் எப்படி இருக்கும்?

பார்க்க ஆர்ப்பாட்டமே இராது. பிளாஸ்டிக் தண்டின் நுனியில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு தங்கப் பொட்டு. அதுதான் வேலை செய்யும் மின்முனை. ஈரத் துணித்தட்டில் வெண்ணிற அலுமினாப் பொடியைக் குழைத்து, தண்டைச் செங்குத்தாகப் பிடித்து, எட்டுப் போட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். ஒரே திசையில் தேய்த்தால் கீறல் விழும். கழுவி, அமிலத்தில் ஒரு சுற்று மின்னழுத்தம் ஏற்றி இறக்கி, தங்கம் சுத்தமா என்று அதன் வளைகோட்டைப் பார்ப்போம். பிறகு கந்தகம் கொண்ட மூலக்கூறுகளின் கரைசலில் இரவு முழுவதும் ஊறவிடுவோம். கந்தகம் தங்கத்தை இறுகப் பற்றும். மறுநாள் அதன் மறுமுனையில் எதிர்ப்பொருளைக் கோப்போம். எஞ்சிய வெற்றிடங்களில் கண்டதும் ஒட்டாமலிருக்க அல்புமின் புரதத்தால் அடைப்போம்.

அளக்கும் நேரத்தில் வெளிர்மஞ்சள் கரைசலில் மூன்று மின்முனைகள் நிற்கும்: தங்கம், ஒப்பீட்டுக்கு வெள்ளி-வெள்ளிக் குளோரைடு, மின்சுற்றை நிறைவு செய்யப் பிளாட்டினக் கம்பி. வெறும் 10 மில்லிவோல்ட் மாறுமின்னழுத்தம். அதிர்வெண்ணை நூறாயிரம் ஹெர்ட்ஸிலிருந்து பத்தில் ஒரு ஹெர்ட்ஸ் வரை இறக்கிக்கொண்டே வர, திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்து அரைவட்டமாக உருவாகும். முதல் புள்ளிகள் சடசடவென்று வரும். கடைசிப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் பல நொடிகள் காத்திருக்க வேண்டும். புற்றணுக்கள் ஒட்டியிருந்தால் அரைவட்டம் முன்பைவிடப் பெரிதாகும். அந்த வேறுபாட்டுக்காகத்தான் இரண்டு நாள் உழைப்பு.

ஆராய்ச்சிக்கு இப்படி. விற்பனைக்கென்றால் கரி மையை அச்சிட்ட, நகமளவுப் பட்டைகளே தோது. அவற்றைத் தேய்க்க வேண்டியதில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடலாம்.

கட்டி மார்பிலோ குடலிலோ இருக்கும்போது இரத்தத்தில் தேடுவானேன்?

கட்டியிலிருந்து சில அணுக்கள் பிரிந்து இரத்தத்தில் கலக்கின்றன. 1869இல் ஆஸ்திரேலிய மருத்துவர் தாமஸ் ஆஷ்வொர்த், புற்றுநோயால் இறந்த ஒருவரின் இரத்தத்தில் கட்டியின் அணுக்களைப் போன்ற அணுக்களைக் கண்டு எழுதிவைத்தார். அவற்றில் மிகச் சிலவே வேறோர் உறுப்பில் குடியேறுகின்றன. ஆனால் நோய் பரவுவது பெரும்பாலும் அந்தச் சிலவற்றால்தான்.

கட்டியைக் குத்தி எடுக்கும் பயாப்சியை அடிக்கடி செய்ய முடியாது. நுரையீரலின் ஆழத்தில் இருந்தால் ஆபத்தும் உண்டு. இரத்தம் எடுப்பதோ எளிது. சிகிச்சை பலிக்கிறதா என்று மாதாமாதம்கூடப் பார்க்கலாம். இத்துறையில் இத்தனை பேர் இறங்கியிருப்பதற்கு இதுதான் காரணம். நானும் அதற்காகத்தான் இறங்கினேன்.

சரி, ஒரு சொட்டு போதுமா?

கணக்கைப் பாருங்கள். இரத்தத்தில் திரியும் புற்றணுக்களை எண்ணுவதற்கென அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004இல் ஏற்ற செல்சர்ச் முறை 7.5 மில்லிலிட்டர் இரத்தத்தை எடுத்துக்கொள்கிறது. அது காந்தத் துகளால் அணுக்களைப் பிடித்து ஒளிரவைத்து எண்ணும் முறை. மின்வேதி முறை அன்று. பரவிய மார்பகப் புற்றுநோயில் அந்த 7.5 மில்லிலிட்டரில் 5 அணுக்களோ அதற்கு மேலோ இருந்தால் நிலைமை கவலைக்குரியது என்பது அதன் அளவுகோல்.

விரல் நுனியிலிருந்து தாராளமாக 50 மைக்ரோலிட்டர் சொட்டு எடுக்கிறோம் என்று வையுங்கள். 7.5 மில்லிலிட்டர் என்பது அப்படிப்பட்ட 150 சொட்டு. 5 அணுக்கள் ஆளுக்கொரு சொட்டில் அமர்ந்தாலும் 145 சொட்டுகளில் ஒன்றும் இராது. உலகின் மிகச் சிறந்த மின்முனையை வைத்தாலும் அந்த 145 சொட்டுகளில் “இல்லை” என்றுதான் காட்டும், காட்டுவதும் சரியே. நோயாளிக்குத்தான் அது தவறான செய்தி. நோய் தொடக்க நிலையில் இருந்தால் அணுக்கள் இன்னும் அரிது.

ஆகவே முழு அணுவைத் தேடும் சோதனைக்கு கையின் இரத்த நாளத்திலிருந்து குழாய் நிறைய இரத்தம் எடுத்தே ஆக வேண்டும். ஒரு சொட்டில் புற்றணுவைப் பிடிப்பதாக யாராவது விளம்பரம் செய்தால் இந்தக் கணக்கை அவர்களிடம் கேளுங்கள்.

“ஒரு மில்லிலிட்டரில் ஒரே ஓர் அணுவையும் கண்டறிந்தோம்” என்று ஆய்வுக் கட்டுரைகளில் வருகிறதே?

கட்டுரையில் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள்.

எவ்வளவு மாதிரி மின்முனையில் விடப்பட்டது? 50 மைக்ரோலிட்டர்தான் என்றால், மில்லிலிட்டருக்கு ஓர் அணு உள்ள கரைசலின் 20 சொட்டில் 19 சொட்டு காலி. அப்படிப்பட்ட கீழ்வரம்பு பெரும்பாலும் வரைபடக் கோட்டைக் கீழ்நோக்கி நீட்டிக் கணக்கிட்டதாக இருக்கும். கண்ட அணுவாக இராது.

எதில் கலந்து அளந்தார்கள்? உப்புக் கரைசலிலா, இரத்தத்திலா? உப்புக் கரைசலில் போட்டியே இல்லை. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சிவப்பணுக்கள் சுமார் 500 கோடி, வெள்ளையணுக்கள் 40 இலட்சம் முதல் 1 கோடியே 10 இலட்சம் வரை.

யாருடைய அணுக்கள்? கட்டுரைகளில் அடிக்கடி வரும் எம்சிஎஃப்-7 என்பது அமெரிக்காவின் மிச்சிகன் புற்றுநோய் அறக்கட்டளையில் 1973இல் நிலைநிறுத்தப்பட்ட மார்பகப் புற்றணு வரிசை. தட்டில் வளர்ந்து, ஒன்றுபோல் எப்கேம் புரதத்தைத் தாங்கி நிற்கும் நல்ல பிள்ளைகள் அவை. நோயாளியின் இரத்தத்தில் உள்ளவை அப்படியல்ல. கட்டியை விட்டு விலகும்போது சில அணுக்கள் தம் இயல்பை மாற்றிக்கொண்டு எப்கேமைக் குறைத்துவிடுகின்றன. எதிர்ப்பொருள் அவற்றைப் பார்த்தும் பாராமல் விட்டுவிடும். பரவும் திறன் மிகுந்தவை அவையே என்ற ஐயமும் உண்டு. இரத்தப் புற்றுநோய் அணுக்களுக்கோ தொடக்கத்திலிருந்தே எப்கேம் கிடையாது; அவற்றுக்கு வேறு புரதத்தைத் தேட வேண்டும்.

அந்தக் கட்டுரைகள் பொய் என்று நான் சொல்லவில்லை. மின்முனை உணர்கிறது என்பதை அவை நிறுவியிருக்கின்றன. நோயாளிக்குப் பயன்படும் என்பதை நிறுவ நோயாளிகளின் இரத்தம் தேவை. நூற்றுக்கணக்கானவர்களின் இரத்தம்.

இரத்தத்தில் அப்படி என்ன சிக்கல்?

ஒட்டும் தன்மைதான். ஒரு லிட்டர் இரத்த நீரில் அல்புமின் மட்டுமே 35 முதல் 50 கிராம். மின்முனையை இரத்தத்தில் வைத்த சில நிமிடங்களில் புரதங்கள் படிந்துவிடும். மின்தடை உயரும். மேலே சொன்ன அரைவட்டம் புற்றணு இல்லாமலேயே பெரிதாகும். நீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும் பாலிமர்களைப் பூசி இதைத் தடுக்கப் பார்க்கிறார்கள். பூச்சு தடித்தால் எலக்ட்ரானும் தடுமாறும். இந்த இழுபறியில்தான் எங்கள் நேரத்தில் பெரும்பகுதி போகிறது.

இதனால் பலர் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்: முதலில் காந்தத் துகளாலோ நுண்குழாயாலோ புற்றணுக்களைத் தனியே ஒதுக்குவது, பிறகு தூய கரைசலில் மின்முனையால் அளப்பது. என் கணிப்பில் இதுதான் கரைசேரும் வழி.

முழு அணுவை விட்டுவிட்டு அதன் தடயங்களைத் தேடினால்?

அது இன்னும் நடைமுறைக்கு ஒத்துவரும். ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பி வெளியிடும் பிஎஸ்ஏ புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்ற பழகிய எல்லையில்கூட, ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 8,000 கோடி பிஎஸ்ஏ மூலக்கூறுகள் இருக்கும். ஒரு சொட்டிலேயே சில நூறு கோடி. இங்கே சொட்டுக் கணக்கு தோற்பதில்லை. புற்றணுக்கள் வெளியிடும் நுண்பைகள், மைக்ரோ ஆர்என்ஏ என்னும் மிகச் சிறிய ஆர்என்ஏ இழைகள், சிதைந்த டிஎன்ஏ ஆகியவற்றுக்கும் மின்முனைகள் உருவாகிவருகின்றன.

ஆனால் தடயம் தடயம்தான். புரோஸ்டேட் சுரப்பி வீங்கினாலும், அதில் தொற்று வந்தாலும் பிஎஸ்ஏ உயரும். எண்ணை வைத்து மட்டும் புற்றுநோய் என்று முடிவு கட்ட முடியாது.

99 விழுக்காடு துல்லியம் என்றால் நம்பலாம்தானே?

யாரிடம் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. எந்த அறிகுறியும் இல்லாத 10,000 பேருக்குச் சோதனை செய்கிறோம், அவர்களில் 50 பேருக்கு நோய் உள்ளது என்று எடுத்துக்கொள்வோம். நோயுள்ளவர்களில் 99 விழுக்காட்டினரைச் சோதனை கண்டுபிடிக்கும். நோயற்றவர்களில் 99 விழுக்காட்டினரைச் சரியாக விடுவிக்கும். நோயுள்ள 50 பேரில் ஏறக்குறைய அனைவரும் பிடிபடுவார்கள். நோயற்ற 9,950 பேரில் ஒரு விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 100 பேருக்கும் “உண்டு” என்று வரும். மொத்தம் 150 பேர் கலங்கி நிற்பார்கள். அவர்களில் 100 பேருக்கு நோயே இல்லை. அந்த நூறு பேரும் ஸ்கேன், பயாப்சி, உறக்கமற்ற இரவுகள் என்று போக வேண்டும்.

அதே சோதனையை ஏற்கெனவே புற்றுநோய் உறுதியாகி, சிகிச்சை எடுப்பவர்களிடம் செய்தால் கதை வேறு. அங்கே நோய் உண்டா என்பதை யாரும் கேட்கவில்லை. கூடுகிறதா குறைகிறதா என்பதே கேள்வி. சென்ற மாத எண்ணோடு இந்த மாத எண்ணை ஒப்பிட்டால் போதும். இந்த உணரிகள் முதலில் புற்றுநோய் மருத்துவரின் அறைக்குத்தான் வர வேண்டும், கடை அலமாரிக்கு அன்று என்று நான் எங்கு பேசினாலும் வற்புறுத்துவது இதனால்தான்.

மின்சாரத்தால் அணுக்களை ஆராயும் கருவி எதுவும் இன்று பயனில் இல்லையா?

இருக்கிறது. உங்கள் இரத்தம் அதில் போயும் இருக்கலாம். பலதுறை மருந்தகத்தில் “ஃபுல் பிளட் கவுண்ட்” எடுக்கச் சொன்னால், அணுக்களை எண்ணும் இயந்திரங்கள் பலவற்றின் அடிப்படை கூல்ட்டர் விதி. மின்னோட்டம் பாயும் ஒரு நுண்துளை வழியே உப்புநீரில் அணு கடக்கும்போது கணநேரம் மின்தடை உயரும். எத்தனை உயர்வோ அத்தனை அணு. உயரத்தின் அளவே அணுவின் பருமன்.

இதைக் கண்டுபிடித்த வாலஸ் கூல்ட்டருக்கும் நம் ஊருக்கும் தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1930களில் எக்ஸ்ரே கருவிகளை விற்கவும் பராமரிக்கவும் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் சார்பில் இந்த வட்டாரத்துக்கு வந்தவர் அவர். ஜப்பானியப் படை நெருங்கிய 1941 டிசம்பரில் சிங்கப்பூரில்தான் இருந்தார். இந்தியாவுக்குப் போகும் சிறிய சரக்குக் கப்பல் ஒன்றில் இடம்பிடித்துத் தப்பினார். சில வாரங்களில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அவருடைய காப்புரிமை 1953இல் பதிவானது. ஆனால் அந்த விதி அணுவின் எண்ணிக்கையையும் பருமனையும்தான் சொல்லும். அது புற்றணுவா என்று சொல்லாது.

மின்முனை மேலேயே அணுக்களை வளர்த்து மின்மறுப்பைக் கண்காணிக்கும் முறையை 1984இல் ஐவர் யேவரும் சார்ல்ஸ் கீஸும் வெளியிட்டார்கள். யேவர் 1973இல் இயற்பியல் நோபெல் பரிசு பெற்றவர். மருந்து பட்டுப் புற்றணுக்கள் செத்து விலகும்போது மின்மறுப்பு சரிவதை மணிக்கணக்கில் பார்க்கலாம். மருந்து ஆராய்ச்சிக் கூடங்களில் இது அன்றாடக் கருவியாகிவிட்டது. மாரடைப்பில் உயரும் டிரோபோனின் என்ற இதயத்தசைப் புரதத்தை நோயாளியின் படுக்கையருகே மின்வேதி முறையில் அளக்கும் ஐ-ஸ்டாட் போன்ற கையடக்கக் கருவிகளும் உண்டு. நொதி கட்டிய எதிர்ப்பொருள் என்று மேலே சொன்னேனே, அதே உத்திதான்.

சிங்கப்பூரில் இத்துறையில் என்ன நடக்கிறது?

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், அறிவியல் தொழில்நுட்ப ஆய்வு அமைப்பு மூன்றிலும் உயிர் உணரி ஆய்வுகள் நடக்கின்றன. சந்தைவரை போன இரண்டு முயற்சிகளைச் சொல்ல வேண்டும். இரண்டும் மின்வேதி முறை அல்ல. ஆனாலும் எங்கள் பாதைக்கு வெளிச்சம் காட்டியவை.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லிம் சுவீ டெக்கின் ஆய்வுக்கூடத்திலிருந்து கிளியர்பிரிட்ஜ் பயோமெடிக்ஸ் என்ற நிறுவனம் 2009இல் பிறந்தது. இதன் கருவி எதிர்ப்பொருளே இல்லாமல் புற்றணுக்களைப் பிரிக்கும். சுருள் வடிவ நுண்குழாயில் இரத்தம் ஓடும்போது, பருமனான புற்றணுக்கள் உட்சுவரை ஒட்டியும் சிறிய இரத்த அணுக்கள் விலகியும் போகின்றன. முனையில் இரண்டு வாயில்கள் வைத்தால் பிரிந்துவிடும். எப்கேம் இல்லாத அணுவும் தப்பாது. பிரிக்கும் வேலைக்கு இப்படியொரு கருவியும் அளக்கும் வேலைக்கு மின்முனையும் கைகோக்க வேண்டும் என்பது என் ஆசை.

மற்றொன்று மிர்எக்ஸஸ். இரைப்பைப் புற்றுநோய்க்காக இரத்தத்திலுள்ள 12 மைக்ரோ ஆர்என்ஏக்களை அளக்கும் அதன் காஸ்ட்ரோகிளியர் சோதனைக்குச் சுகாதார அறிவியல் ஆணையம் 2019இல் அனுமதி அளித்தது. மரபுப்பொருளைப் பல மடங்கு பெருக்கி அளக்கும் பிசிஆர் முறையில் இயங்குவது. ஆய்வகத்தில் பிறந்த ஒன்று, ஆயிரக்கணக்கானோரிடம் சோதிக்கப்பட்டு, ஒழுங்குமுறை ஆணையத்தின் வாசலைத் தாண்டி மருத்துவரின் கைக்கு வருவதை இங்கேயே செய்து காட்டியிருக்கிறார்கள்.

கையில் உலோகத் தண்டைப் பிடிக்கச் சொல்லி உடல் முழுவதும் ‘ஸ்கேன்’ செய்கிறார்களே, அதுவும் இதுதானா?

இல்லவே இல்லை. மின்வேதி உணரிக்கு உங்கள் இரத்தமோ சிறுநீரோ எச்சிலோ வேண்டும். தோலைத் தொட்டுக் கல்லீரலில் புற்றணு இருக்கிறதா என்று சொல்லும் கருவி எதுவும் இல்லை. முடிவில் சத்துமாத்திரைப் பெட்டி ஒன்றை விற்கப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள். முதியவர்கள் இதில் பணத்தை இழப்பதைவிட, “ஒன்றுமில்லை” என்ற பொய்யான உறுதியில் மாதங்களை இழப்பதுதான் எனக்குப் பெரிய வேதனை. மருத்துவச் சாதனங்களுக்கெனச் சுகாதார அறிவியல் ஆணையம் இணையத்தில் பொதுப் பதிவேடு வைத்திருக்கிறது. கருவியின் பெயரை அதில் தேடலாம்.

அப்படியானால் இப்போது நான் எந்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்?

சிங்கப்பூரின் பரிந்துரைப்படி, 50 வயதை எட்டிய ஆணும் பெண்ணும் ஆண்டுக்கு ஒருமுறை மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைப் பார்க்கும் எஃப்ஐடி சோதனை. 50ஐ எட்டிய பெண்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே. 40 முதல் 49 வரை உள்ளவர்கள் மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கலாம். கருப்பைவாய்க்கு, 25 முதல் 29 வயதுவரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பேப் சோதனை, 30 முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எச்பிவி சோதனை. குடும்பத்தில் இளவயதிலேயே புற்றுநோய் வந்தவர்கள் இருந்தால் இந்த வயது வரம்புகள் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். மருத்துவரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

சிங்கப்பூர் அரசின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்த குடிமக்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகள் முழு மானியத்தில் கிடைக்கின்றன. எஃப்ஐடி பெட்டியைச் சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கம் 50 வயதை எட்டிய குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசமாகத் தருகிறது. இரண்டு நாள் மாதிரியை வீட்டிலேயே எடுத்து அனுப்பினால் போதும். கூச்சத்தால் அந்தப் பெட்டியைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். இன்று பிரியுங்கள்.

இரத்தத்தில் தேடும் புதிய சோதனை வந்துவிட்டால் மேமோகிராம் தேவைப்படாதா?

தேவைப்படும். இரத்தத்தில் தடயம் கிடைத்தாலும் கட்டி எங்கே என்று படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

உணரி ஆய்வுக்கு இரத்தம் கொடுக்கச் சொல்லி மருத்துவமனையில் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

மனமிருந்தால் கொடுங்கள். உப்புக் கரைசலிலிருந்து நிஜ இரத்தத்துக்கு நாங்கள் நகர்வது அப்படிக் கொடுப்பவர்களால்தான். இந்திய நோயாளிகளின் மாதிரிகள் இல்லாமல் சீராக்கிய கருவி பிறகு நமக்குச் சரியாக வேலை செய்யுமா என்பதும் நியாயமான கேள்வி.

கையெழுத்திடும் முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எவ்வளவு இரத்தம், எத்தனை முறை? மாதிரியில் என் பெயர் இருக்குமா, குறியீடு மட்டுமா? எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்? எதிர்பாராமல் ஏதாவது தெரியவந்தால் எனக்குச் சொல்வார்களா? சோதனை முடிவு பெரும்பாலும் உங்களிடம் வராது. சரிபார்க்கப்படாத உணரியின் எண்ணைக் கொண்டு சிகிச்சையை மாற்றக் கூடாது என்பதால் அப்படி. 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டப்படி உங்கள் ஒப்புதல் இல்லாமல் தொடங்க முடியாது. கொடுத்த ஒப்புதலை நீங்கள் திரும்பப் பெறலாம். அதனால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படாது.

படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குத் தயங்க வேண்டியதில்லை. கீமோதெரபி எடுத்துக்கொண்டிருப்பவராக இருந்தால், வழக்கமான இரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தும்போதே ஆய்வுக்கான குழாயையும் நிரப்பிக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முடியும், இன்னொரு முறை குத்த வேண்டியிராது.